ஆறு பெண்கள், ஒரு வளவு: கணிதப் பேராசிரியர் ஒருவரின் வம்சாவளித் தேடல்

கணினி ஒரு பெயரைச் சிவப்பில் காட்டியது. 1889-இல் பிறந்த ஒருவர் 1876-இல் தன் மகளுக்குச் சீதனம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நான் பதிந்து வைத்திருந்தேன். பிறப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்னரே மகளைக் கட்டிக் கொடுத்த தாய்!

பிழை என்னுடையது. ஒரே பெயரில் வந்த இரண்டு பதிவுகளைக் கண்டதும் ஒருவர்தான் என்று சேர்த்துவிட்டேன். அதைப் பிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் பிரித்தபோது ஒரு கேள்வி மிஞ்சியது. அந்த 1889 யாருடையது? என் பழைய பேராசிரியர், நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுகிறவர், தன் வம்சாவளியின் முதல் வரைவிலேயே அதை அடித்துச் சொல்லியிருந்தார். இரண்டு சாட்சியும் வைத்திருந்தார். அந்த இரண்டு சாட்சியும் ஒரே ஆள் என்பது தெரியவரப் பல வாரம் எடுத்தது.

சேரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் ஊரிலும் வெளியிலுமாக நிறையப் பேர். சிலருக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவும் இல்லை. வட்டுக்கோட்டையை அடுத்த ஓர் ஊர் என்பது மட்டும் போதும். நான் 1990-களில் அவரிடம் பிரயோக கணிதம் படித்தவன். இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் அதையே படிப்பிக்கிறேன். அவருடைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த காரணத்தால் தட்டச்சு வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

சேர் பிறந்தது 1943. பேராதனையில் கணிதத்தில் சிறப்புப் பட்டம். உடனே வேலை கிடைக்காமல் நில அளவைத் திணைக்களத்தில் இரண்டு வருடம் சங்கிலியும் தியோடலைற்றுமாக வயல் வரம்புகளில் நடந்தார். பிறகு பள்ளிக்கூட ஆசிரியர். பிறகு இங்கிலாந்தில் பாய்ம இயக்கவியலில் கலாநிதிப் பட்டம். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் 1974-இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவராக இருந்த காலம். அடுத்த வருடமே இவர் விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். வளாகம் 1979-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமானபோது இங்கேதான் இருந்தார். 1982-இல், அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகள் பலரைப் போல, நைஜீரியாவுக்குப் போனார். ஆறு வருடம். திரும்பி வந்து மறுபடியும் விரிவுரை, பிறகு பீடாதிபதி. பீடாதிபதிக் காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வரிதான் சொல்வார்: “கோவை கட்டப் பழகினன்.” (கோவை என்றால் பைல்.) 2008-இல் அறுபத்தைந்து வயதில் ஓய்வு.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று அவருடைய தாயார் அவரைப் பற்றிச் சொல்வாராம். நில அளவையில் நின்றிருந்தால் அத்தியட்சகர் ஆகியிருப்பான், இங்கிலாந்திலேயே நின்றிருந்தால் எங்கேயோ போயிருப்பான் என்ற கணக்கு. சேரும் அதை ஒப்புக்கொள்கிறவர்தான். பாய்ம இயக்கவியலில் தான் எழுதிய கட்டுரைகளை இப்போது வாசிக்கிறவர் எவருமில்லை என்று வருத்தமில்லாமல் சொல்வார்.

வம்சாவளிக்கு அவரை இழுத்துவந்தது பழம்பெருமை அல்ல, காணி. 2009-க்குப் பிறகு பாதை திறந்து, கனடாவிலும் லண்டனிலும் இருந்தவர்கள் ஊருக்கு வரத் தொடங்கினார்கள். தூரத்து மருமகன் ஒருவர் பூட்டன் வழியில் வந்த ஒரு துண்டை விற்க வந்து நின்றார். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு உறுதி (காணிப் பத்திரம்) கேட்டார். உறுதி இருந்தது; ஆனால் உறுதியில் இருந்த பெயருக்கும் விற்க வந்தவருக்கும் நடுவில் மூன்று தலைமுறை வெறுமையாகக் கிடந்தது. “மாமா, நீங்கள்தானே படிச்சனீங்கள், ஒருக்கால் எழுதித் தாங்கோ” என்று கேட்டிருக்கிறார். ஒரு பின்னேர வேலை என்று நினைத்துத்தான் சேர் உட்கார்ந்தாராம்.

நைஜீரியாவில் நடந்த ஒன்றும் மனதில் கிடந்திருக்கிறது. அங்கே ஒரு மாணவன் தன் தகப்பன், தாத்தா, பூட்டன் என்று மூச்சுவிடாமல் ஏழெட்டுப் பெயர் சொல்லிவிட்டு, “உங்களுடையது?” என்று கேட்டானாம். சேருக்கு மூன்றாவது பெயருக்கு மேல் வரவில்லை.

முதல் வரைவு

யாழ்ப்பாணத் தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. அடுத்த தலைமுறையில் முன்னே இருந்தது உதிர்ந்துவிடும். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் சுருக்கம். ஆகவே ஓர் ஊரின் நூறு வருடப் பதிவுகளை எடுத்தால் ஒரே பத்துப் பதினைந்து பெயர்கள் மாறி மாறி நிற்கும். இன்னார் மகன் இன்னார், அவர் மகன் மறுபடியும் முதல் இன்னார். யார் தாத்தா, யார் பேரன் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

இதற்குள் மிஷன் பெயர்கள் வேறு. அமெரிக்க மிஷன் 1823 முதல் 1855 வரை நடத்திய வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த பையன்களுக்கு, அவர்களுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். 1841-இல் ‘உதயதாரகை’ பத்திரிகையைத் தொடங்கி நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழர்கள். சேரின் பூட்டனுடைய தகப்பனும் அந்தச் செமினறியில் படித்து ஓர் அமெரிக்கப் பெயரைப் பெற்றவர். கனடாவிலிருந்து ஒரு மருமகள், “எங்களுக்குள்ளே வெள்ளைக்கார இரத்தம் இருக்காம், உண்மையோ?” என்று கேட்டு எழுதியிருந்தார். பெயர் வந்தது கப்பலில். ஆள் வந்தது பண்டத்தரிப்பிலிருந்து என்று சேர் பதில் போட்டார்.

முதல் வரைவை அவர் எல்லோரும் செய்கிற மாதிரித்தான் செய்தார். ஆண்வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். நான்காவது தலைமுறையில் நின்றுவிட்டது. அதற்கு மேலே குடும்பத்தில் சொல்லி வந்தது ஒரு கதை: “நாங்கள் உடையார் பரம்பரை.” உடையார் என்றால் அந்தக் காலத்து ஊர்த் தலைமை அதிகாரி. இன்னும் கொஞ்சம் மேலே போனால் ‘கைலாயமாலை’ என்ற பழைய நூலில் வருகிற குடியேற்றப் பட்டியலில் ஏதோ ஒரு மழவனிடமோ தேவனிடமோ கொண்டுபோய்க் கொளுவிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பலர் அப்படித்தான் கொளுவியிருக்கிறார்கள். சேர் அந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டார். ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக மயில்வாகனப் புலவர் 1736-இல் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’யும் இதே குடியேற்றக் கதையைச் சொல்கிறது. ஆனால் இடையில் கிடக்கிற சில நூற்றாண்டுக்கு யாரிடம் உறுதி இருக்கிறது? கள்ளர், மறவர், கனத்த அகம்படியர் மெல்ல மெல்ல வந்து வெள்ளாளர் ஆன கதையைப் பழமொழியாகவே வைத்திருக்கிற ஊர் இது. பரம்பரைக் கதை ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு அந்தப் பழமொழி போதும்.

இரண்டு சாட்சி

சேரின் அம்மம்மாவைப் பற்றி முதல் வரைவில் ஒரு வரி: பிறப்பு 1889, இறப்பு 1961. இறப்பில் சந்தேகமில்லை. பிறப்புக்கு ஆதாரம் இரண்டு. ஒன்று, அவருடையது என்று வீட்டில் வைத்திருந்த சாதக ஓலை. அதில் ‘விரோதி வருஷம் ஆவணி மாதம்’ என்று தெளிவாக இருந்தது. மற்றது, அவருடைய அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு.

வெளியூர் வாசகருக்கு: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகத்துக்கும் அதுதான் பெயர். முதலில் திதி வெண்பா. அதில் இறந்த வருடம், மாதம், திதி எல்லாம் பாட்டுக்குள் இருக்கும். பிறகு ஊர்ச் சிறப்பு, பிறகு இறந்தவரின் பரம்பரை, பிறகு ஒவ்வொரு உறவாகப் புலம்பல். வம்சாவளி தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. இதற்கு அடுத்தது பத்திரிகை மரண அறிவித்தல். ‘இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் மைத்துனியும்’ என்று நாலு வரிக்குள் இருபது பேரை முடிச்சுப் போட்டுத் தந்துவிடும். இரண்டிலும் ஒரு குறை உண்டு. சண்டைக்காரரின் பெயர் விடுபடும். சாதி மாறிக் கட்டியவர் அடியோடு காணாமற் போவார்.

அம்மம்மாவின் கல்வெட்டு, அவர் விரோதி வருடத்தில் பிறந்து எழுபத்திரண்டு வயது வாழ்ந்ததாகப் பாடியிருந்தது. ஓலையும் விரோதி, கல்வெட்டும் விரோதி. 1961-இலிருந்து எழுபத்திரண்டைக் கழித்தால் 1889. அந்த வருடம் விரோதிதான். கணக்குச் சரி.

பிறகு கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்திலிருந்து பிறப்புப் பதிவின் பிரதி வந்தது. அதில் 1893, விஜய வருடம். சேர் அசையவில்லை. பிந்திப் பதிந்திருப்பார்கள், அந்தக் காலத்தில் அது சாதாரணம் என்றார். அதுவும் நடக்காததல்ல. 1860-களின் பிற்பகுதியில் பிறப்பு இறப்புப் பதிவு சட்டமான பிறகும் ஊர்ப்புறங்களில் சனம் அதை உடனே மதிக்கவில்லை. இரண்டு சாட்சிக்கு எதிரே ஒரு சாட்சி. முதல் வரைவு 1889 என்றே போனது.

அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவிலிருந்து 1876-ஆம் ஆண்டுச் சீதன உறுதியின் படம் வந்தது. எழுதிக் கொடுத்தவரின் பெயர் அம்மம்மாவின் பெயரேதான். நான் இருவரையும் ஒன்றாக்கினேன், கணினி சிவந்தது. பிரித்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சம்: அம்மம்மாவுக்கு அவருடைய அம்மம்மாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தச் சாதக ஓலை இருவரில் யாருடையது?

தமிழ் வருடங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்புகிறவை. விரோதி 1889-இலும் வரும், 1829-இலும் வரும், 2009-இலும் வந்தது. ஓலையில் திகதியும் கிழமையும் இருந்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். அவை இருந்த முனை ஒடிந்து போயிருந்தது. இராசிக் கட்டம் பெரும்பாலும் தப்பியிருந்தது. வியாழன் நின்ற கட்டத்தை மட்டும் பூச்சி அரித்திருந்தது.

இந்த இடத்தில்தான் பிரயோக கணிதம் எழுந்து வந்தது. அறுபது வருடச் சக்கரமே வியாழனும் சனியும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கு வந்து சேருவதை வைத்துக் கட்டியது. வியாழன் ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று. அச்சொட்டாக அல்ல, சனி பதின்மூன்று பாகை அளவு முந்திவிடும். ஓலையில் சனி கடகத்தில் நின்றது. 1829 ஆவணியில் சனி கடகத்தில்தான். 1889 ஆவணியில் அது கடகத்தை விட்டுச் சிம்மத்துக்குள் அப்போதுதான் கால் வைத்திருந்தது. வாக்கிய பஞ்சாங்கத்தின்படி கணித்த பழைய சாதகங்களில் ஓரிரு பாகை பிசகுவது உண்டு. ஆகவே சனியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

சேர் இராகுவைப் பிடித்தார். இராகு என்பது சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற புள்ளி. அது பின்னோக்கி நகர்ந்து பதினெட்டரை வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஒரு சுற்று முடிக்கும். அறுபது வருடத்துக்குள் மூன்று சுற்று முடித்து, நாலாவதில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறையப் போயிருக்கும். எண்பது பாகை, அதாவது இரண்டரை இராசிக்கும் மேல். எந்தப் பஞ்சாங்கமும் அவ்வளவு பிசகாது. 1889 ஆவணியில் இராகு மிதுனத்தின் நடுவில். 1829 ஆவணியில் கன்னியில். ஓலையில் இராகு கன்னியில் இருந்தது.

ஓலை மூத்தவருடையது. 1961-இல் கல்வெட்டுப் பாடிய புலவரிடம் வீட்டுக்காரர் இந்த ஓலையைத்தான் நீட்டியிருக்க வேண்டும். அவர் விரோதியை எடுத்துப் பாட்டில் வைத்து, வயதைக் கழித்து எழுபத்திரண்டு போட்டுவிட்டார். இரண்டு சாட்சியில் ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது. அம்மம்மா 1893-இலேயே பிறந்தவர். இறக்கும்போது வயது அறுபத்தெட்டு. கச்சேரிக் கிளாக்கர் சொன்னதுதான் சரி.

சேர் கணக்குத் தாள்களைக் கொண்டுபோய்த் தமக்கையாரிடம் காட்டினார். நானும் கூட இருந்தேன். தமக்கையாருக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடியைப் போட்டு ஓலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது பெரியாச்சிட ஓலை எல்லோ.”

“உனக்கு எப்பிடித் தெரியும், அக்கா?”

“அம்மா சொல்லித்தானே பெட்டிக்கை வைச்சவ. சின்னாச்சிக்கு ஓலை கிடையாது. கறையான் திண்டு போச்சு. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி.”

சேர் கேட்கவில்லை. அத்தனை மாதத்தில் கச்சேரிக்குப் போனார், பழைய நொத்தாரிசின் பேரனைத் தேடிப் போனார், கொழும்புக்குப் போனார். குசினிக்குப் போகவில்லை.

பெண்வழி

இரண்டாம் வரைவு அங்கேதான் தொடங்கியது. தமக்கையாரிடம் ஓர் உறுதிப் பை இருந்தது. 1995 ஐப்பசி முடிவில் போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவில், சேர் தோளில் போட்டுக்கொண்டு போனது விரிவுரைக் குறிப்புகளை. தமக்கையார் போனது இந்தப் பையோடு. குறிப்புகள் கைதடி தாண்டுவதற்குள் மழையில் கரைந்து போயின. பை அடுத்த வருடம் பத்திரமாக வீடு திரும்பியது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் பற்றி நாங்கள் எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஊரின் இன்னொரு ஆவணக் காப்பகம் இப்படிச் சேலைத்துணிப் பைகளுக்குள் இருந்ததை எவரும் எழுதிவைக்கவில்லை.

அந்தப் பையில் ஒரே வளவுக்கு ஐந்து சீதன உறுதிகள் இருந்திருக்க வேண்டும்: 1847, 1876, 1912, 1937, 1964. இரண்டாவது மட்டும் எப்போதோ ரொறன்ரோ போய்விட்டது. 1847-ஆம் ஆண்டு உறுதியை முதல் வரைவின்போதே சேர் பார்த்திருந்தார். அதில் வந்த ஆண்களின் பெயர் எதுவும் தன் மரத்தில் பொருந்தாததால் ‘வேறு குடும்பம்’ என்று எழுதிப் புறம்பாகக் கட்டி வைத்திருந்தார். கோவை கட்டப் பழகியவர் அல்லவா!

ஆண்களின் பெயர் பொருந்தாததில் ஆச்சரியமில்லை. தேசவழமை அப்படி. ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக (பிரதேச அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் திரட்டி 1707-இல் எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டார்கள். ஆங்கிலேயர் 1806-இல் அதைச் சட்டமாக்கினார்கள். அதன் தொடக்கத்திலேயே பழைய வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆண் கொண்டுவந்த முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கு, பெண் கொண்டுவந்த சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. போர்த்துக்கேயர் காலத்திலேயே இது குழம்பத் தொடங்கிவிட்டது என்றும் அதே ஏடு சொல்கிறது. ஆனாலும் வீடுவளவு தாயிடமிருந்து மகளுக்குப் போகிற பழக்கம் விடவில்லை. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். அவருடைய மகள் அதே வீட்டில் நிற்க, அவளுக்கு வேறோர் ஊரிலிருந்து மாப்பிள்ளை வருவார். சேரின் வளவுக்கு அப்படி வந்தவர்கள் சுழிபுரம், பண்டத்தரிப்பு, அராலி, மானிப்பாய் என்று ஊர் ஊராக இருந்தார்கள். வீடு ஓரிடத்தில் நின்றது, ஆண்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். ஆண்வழியைப் பிடித்து ஏறியவர் தலைமுறைக்கு ஒருமுறை ஊர் மாறி, கடைசியில் ஆள் தெரியாத ஊரில் போய் நின்றதற்குக் காரணம் இதுதான்.

உடையார் கதைக்கும் இங்கேயே முடிவு கிடைத்தது. உடையாராக இருந்தவர் பெரியாச்சியின் கணவருடைய தமையன். அவ்வளவுதான் சம்பந்தம்.

1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று வைத்ததால், அதற்குப் பிறகு வந்த உறுதிகள் ஓர் ஒழுங்கில் இருக்கும். கோவிற்பற்று, காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு, பயன்மரங்கள். எழுதிக் கொடுக்கிற பெண் யாருடைய மகள், யாருடைய பெண்சாதி என்ற இரண்டும் இருக்கும். வம்சாவளிக்காரர் பொதுவாக அந்த இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். சேர் எல்லைகளை வாசித்தார். நில அளவையில் நடந்த கால் அது. கிழக்கெல்லை இன்னாருடையது, வடக்கெல்லை இன்னாருடையது என்று வருகிற பெயர்கள் வெறும் அயலட்டை அல்ல. ஒரு பெருங்காணி சகோதரிகளுக்குள் பிரிந்தபோது ஒருத்தியின் எல்லை மற்றவளுடையது. நாற்பதுக்கு மேற்பட்ட உறுதிகளிலிருந்து எல்லைகளை எடுத்து ஒரு பெரிய தாளில் துண்டு துண்டாகப் பொருத்தினார். சாப்பாட்டு மேசை மூன்று மாதம் அதற்குத்தான். பொருந்தி முடிந்தபோது, எந்தப் பதிவேட்டிலும் பெயர் வராத இரண்டு சகோதரிகள் எல்லைக்காரராக வெளிப்பட்டார்கள்.

இடையில் ஒரு துண்டு மட்டும் இடித்தது. ஓர் உறுதியில் பன்னிரண்டு பரப்பு, அடுத்த தலைமுறை உறுதியில் எட்டு. நாலு பரப்பு எங்கே? யாரோ விற்றிருக்கிறார்கள், அதற்கும் ஓர் உறுதி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். “தம்பி, நீரும் கணித ஆசிரியர், நானும் கணிதப் பேராசிரியர். நெற்பரப்பும் வரகுப் பரப்பும் வேறை எண்டது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரேல்லை, பாரும்.” யாழ்ப்பாணத்தில் ஓர் ஏக்கருக்கு வரகு விதைக்கிற மேட்டுநிலப் பரப்பு பதினாறு; நெல் விதைக்கிற பரப்பு இருபத்துநாலு. வயலாக இருந்தபோது பன்னிரண்டு, தோட்டமானபோது எட்டு. இரண்டும் அரை ஏக்கர். ஒருவரும் ஒன்றும் விற்கவில்லை.

ஓலை

பைக்குள் அடியில் ஒரு சீதன ஓலை இருந்தது. பார்த்திப வருடம். இந்த முறை சேர் அவசரப்படவில்லை. 1825-ஆ, 1765-ஆ என்று சாட்சிகளின் பெயரை வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டு, 1825 என்று ஒரு கிழமைக்குப் பிறகுதான் எழுதினார். பெரியாச்சியின் தாய்க்கு அவருடைய பெற்றோர் கொடுத்த சீதனம். அதே வளவு. இப்போது பெண்கள் ஆறு பேர்.

ஓலையில் காணிகளுக்குப் பிறகு நகைகள். நகைகளுக்குப் பிறகு, அதே ஓட்டத்தில், இரண்டு ஆட்களின் பெயர்.

தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனியாகவே பிரிவு உண்டு. 1818-இல் ஆங்கிலேயர் அடிமைகளைப் பதிய வேண்டும் என்று ஒழுங்கு வைத்தார்கள். அடிமை முறை இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது 1844-இல். இதெல்லாம் எங்களுக்குப் படிப்பாகத் தெரிந்ததுதான். பாட்டியின் பாட்டியின் தாய்க்குக் கொடுத்த அட்டியலுக்கு அடுத்த வரியில் ஒரு தாயும் மகளும் இருப்பதைப் பார்ப்பது வேறு. சேர் அன்று வேலையை நிறுத்திவிட்டார்.

இதை அச்சில் போடுவதா என்ற கேள்வி புத்தகத்தை ஏழெட்டு மாதம் பிந்த வைத்தது. அந்தத் தாயின் வழியில் வந்த குடும்பங்கள் பக்கத்து ஊரில் இருக்கின்றன. அது ஊருக்கே தெரியும், எவரும் வாயால் சொல்வதில்லை. சேரின் சொந்தக்காரர்கள் போடவேண்டாம் என்றார்கள். சொன்ன காரணம் ‘அந்தச் சனத்துக்கு அவமானம்’. எனக்கு அந்தக் காரணத்தில் நம்பிக்கை வரவில்லை. வெட்கம் யாருடையது என்பது பேசும்போது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. சேர் நேரே போய்க் கேட்பது என்று முடிவெடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுப் பெரியவர் எங்களை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். முழுவதையும் கேட்டார். “ஐயா, நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவேணும் எண்டில்லை. விடுங்கோ” என்றார். சேர் சரி என்று எழும்பினார். படலை வரைக்கும் கூட வந்தது அவருடைய பேத்தி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. “சேர், அதிலை எங்கட ஆக்களின்ரை பெயர் இருக்கோ?” என்று கேட்டார். இருக்கிறது என்றார் சேர். “எனக்கு அந்தப் பெயர் வேணும்.”

கடைசியில் புத்தகத்தில் ஓலையின் வாசகம் முழுவதும் வந்தது, அந்த இரண்டு பெயருக்கும் பதிலாகப் புள்ளிகளோடு. பெரியவரின் சொல்லுக்காக. பெயரோடு கூடிய ஓலையின் படம் ஆசிரியையின் கையில் போய்ச் சேர்ந்தது. இது சரியான முடிவா என்று நானும் சேரும் இன்னும் இடைக்கிடை தர்க்கப்படுகிறோம். எனக்கு அந்தப் புள்ளிகள் உறுத்துகின்றன.

அச்சான பிறகு

புத்தகம் ஆண்வழி மரமாக இல்லாமல், அந்த ஆறு பெண்களைத் தண்டாக வைத்து எழுதப்பட்டது. கணவன்மார் கிளைகள். வாசிக்கிறவர்கள் முதலில் தடுமாறினார்கள். “எங்கட அப்பாவின்ரை பக்கம் எங்கை?” என்று தொலைபேசி வந்தது. மச்சான் மச்சாள் கலியாணமும் மாற்றுச் சம்பந்தமும் நிறைந்த குடும்பத்தில் மரம் என்பதே பொருந்தாத சொல். இது வலை. ஒரே மனிதர் மூன்று இடத்தில் வருகிறார். அதற்கென்று சேர் ஓர் எண் முறை செய்தார். பெண்வழிக்கு ஒரு தொடர், வந்து சேர்ந்தவருக்கு ஒரு தொடர், இரண்டிலும் வருகிறவருக்கு இரண்டு எண். விளங்கிக்கொள்ள எனக்கே இரண்டு நாள் எடுத்தது. அவருடைய பழைய கட்டுரைகளைவிட இது இலகு என்பதை மட்டும் சொல்லலாம்.

மூன்று தலைமுறை வெறுமைக்காக வந்த அந்த மருமகனின் காணி விற்பனையாகிவிட்டது. அவர் புத்தகம் வாங்கவில்லை. வளவு இப்போது தமக்கையாரின் மகளின் பெயரில் இருக்கிறது; அவர் ரொறன்ரோவில். சேர் அங்கே காவலுக்கு இருக்கிறார். மருமகள் வீட்டில் குடியிருக்கிற மாமா என்று தன்னைச் சொல்லிக்கொள்வார்.

அந்த ஆசிரியை இரண்டு மாதம் கழித்து வந்தார். கையில் ஒரு கொப்பி. ஓலையில் இருந்த தாயின் பெயரிலிருந்து தன் அம்மம்மா வரைக்கும் நடுவில் யார் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். சேர் தன் முறையை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. காணி இல்லாதவருக்கு உறுதி இல்லை, உறுதி இல்லாவிட்டால் எல்லை இல்லை. கல்வெட்டு அடிக்க வசதி வந்ததே 1970-களுக்குப் பிறகு. அவருடைய ஆறு பெண்களும் ஆவணத்தில் நின்றது கையில் நிலம் இருந்ததால். இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் மூன்று பேருமாகப் பழைய மிஷன் பள்ளிக்கூடங்களின் சேர்விடாப்புகளை, அதாவது மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்கிறோம். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த திகதி. தாயின் பெயருக்கு அதில் நிரல் கிடையாது. மூன்று பள்ளிக்கூடம் முடிந்திருக்கிறது. 1920-களிலிருந்து ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அவருடைய தகப்பனின் தங்கையாக இருக்கலாம் என்று ஆசிரியை சொல்கிறார். சேர் பென்சிலால் எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். முதலில் போய் வீட்டிலுள்ள கிழவிகளைக் கேட்டுவிட்டு வாரும் பிள்ளை என்று அனுப்பியிருக்கிறார்.